காலுக்கு எடுத்த ஸ்கேன்

2001ஆம் வருடம், வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள், புதன்கிழமை விடியற்காலை, மாரீஸ்வரி புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். கையில் ஒரு துணிப்பை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. இருந்தாலும் இடுப்பில் சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள். முதலில் வேலை, சாயங்காலம் லோயர் கேம்ப்பில் இருக்கும் ஆத்தா வீடு என்பது அவள் எண்ணம். அடி வாங்கியதற்காக ஒரு நாள் வேலையை விட்டவள் இல்லை அவள்.

கூடலூரில் அந்த நேரத்துக்கு ஜீப்புகள் வரிசையாக நிற்கும். குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பெண்களை ஒரு ஜீப்புக்கு இருபது பேர் என்று திணித்துக்கொண்டு போவார்கள். டிரைவர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் ஓட்டுவார். மாரீஸ்வரியின் புருஷன் பாண்டீஸ்வரனும் அப்படி ஒரு டிரைவர்தான். அவள் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு பெண்கள் மூன்று வருடமாக அவன் ஜீப்பில்தான் ஏறினார்கள். மனைவியின் செட்டு புருஷன் வண்டியில் ஏறுவது அங்கே சொல்லாமலே நடக்கும் வழக்கம்.

திருவிழா வாரத்தில் அவன் குடித்துவிட்டு ஓட்டினான். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது. கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அன்றோடு மாரீஸ்வரி சொல்லிவிட்டாள், இனிமேல் அவள் செட்டு அம்மாவாசி அண்ணன் ஜீப்பில்தான் ஏறும் என்று. செவ்வாய்க்கிழமை முழுவதும் அதற்குத்தான் அடி விழுந்தது.

"ஏத்தா, அந்தக் கண்ணோட மலைக்கா வர்ற?" என்றார் அம்மாவாசி. ஐம்பது வயது ஆள். எல்லாப் பெண்களையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு கண்ணு தெறந்துதான இருக்கு. எடுங்கண்ணே வண்டிய."

வலது காலைத் தூக்கி ஜீப்பின் பின்படியில் வைத்தாள். உடம்பின் பாரம் முழுவதும் இடது கால் விரல்களில் இருந்தது. குதிகால் தரையைவிட்டு எழும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பாண்டீஸ்வரன் பின்னாலிருந்து வந்தான். கையில் ஜாக்கிக் கம்பி. ஒரே வீச்சு, குதிகாலுக்குச் சற்று மேலே.

டப் என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்று நினைத்து அம்மாவாசி கீழே குதித்துப் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ஜீப்புக்குள் இருந்த பெண்களும் டயரைத்தான் பார்த்தார்கள். மாரீஸ்வரி கூட விழும்போது டயர்தான் என்று நினைத்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோது இடது பாதம் தன்னுடையதாக இல்லை.

"இப்ப ஏறுடி அவன் வண்டியில" என்றான் பாண்டீஸ்வரன்.

அம்மாவாசி அவளை அதே ஜீப்பில் போட்டுக் கம்பத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் விரலை ஆட்டச் சொன்னார். விரல் ஆடியது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு முறியலம்மா. சுளுக்குத்தான். பத்து நாள்ல சரியாயிரும்" என்றார்.

சரியாகவில்லை. அவள் ஆத்தா ராக்கம்மாள் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய், முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டுப் போட்டாள். கட்டை அவிழ்த்தபோது வீக்கம் வற்றியிருந்தது. கெண்டைக்கால் சதையும் சேர்ந்து வற்றியிருந்தது. சமதரையில் பாதத்தைத் தட்டையாக வைத்து இழுத்து இழுத்து நடக்க முடிந்தது. மேடு ஏற முடியவில்லை. குதிகாலைத் தூக்கி எக்கி நிற்க முடியவில்லை.

அந்த எக்ஸ்ரே படம் எப்படியோ பாண்டீஸ்வரன் கைக்குப் போய்விட்டது. அதை அவன் ஜீப் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டான். டீக்கடையில், ஜீப் ஸ்டாண்டில், செக்போஸ்ட்டில் எங்கே நின்றாலும் உருவி வெயிலுக்கு நேராகப் பிடிப்பான்.

"பாருங்கப்பா, எம் பொண்டாட்டி காலு. கீறல் இருக்கான்னு தேடிக் குடுங்க. கண்டுபிடிக்கிறவனுக்கு டீ என் கணக்கு."

முன்பின் தெரியாத ஆண்களெல்லாம் அவள் கால் எலும்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள். கன்னத்தில் அறைந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

தீர்த்துவிடச் சொல்லி, அதாவது கல்யாணத்தை முறித்துவிடச் சொல்லி மாரீஸ்வரி கேட்டாள். ஊர்க் கூட்டம் கூடியது. நாட்டாண்மை நல்லகண்ணு மோசமான ஆள் இல்லை. ஆனால் எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

"பொம்பளைய அடிச்சு ஊனமாக்கிட்டான்னா அது கொடுமைதான். நாங்களே தீத்து விட்ருவோம். ஆனா படத்துல ஒண்ணுமில்லையேத்தா. ரெண்டு அறை விழுந்துச்சுன்னு தீத்து விட்டா ஊருல எந்தக் குடும்பம் மிஞ்சும்?"

"என்னால எக்கி நிக்க முடியல மாமா."

"இங்கன யாருத்தா எக்கிக்கிட்டு நிக்கிறாக?" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

நல்லகண்ணு முடிவாகச் சொன்னார். கார்த்திகை வரைக்கும் தவணை. அதற்குள் காலில் ஊனம் என்று காட்டினால் தீர்த்துவிடுவது. இல்லையென்றால் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவளுடைய செட்டு அவன் ஜீப்பில் ஏற வேண்டும். பாண்டீஸ்வரன் தலையாட்டினான். போகிற வழியில் அவள் காதருகே குனிந்து, "திரும்பி வந்தா அடுத்த காலு" என்றான்.

ஆடி பிறந்ததும் ஏலக்காய் எடுப்பு தொடங்கியது. சரிவில் நிற்க முடியாததால் காய் உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு நாள் ஸ்டோர் படியில் இறங்கும்போது பாதம் மடங்கி உருண்டு விழுந்தாள். நெற்றி கிழிந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கோட்டயத்துக்காரரான வயசான டாக்டர் நெற்றிக்குத் தையல் போட்டார். போட்டுவிட்டு அவள் கட்டிலைவிட்டு இறங்கி நடப்பதைக் கவனித்தார்.

"நில்லு. கமிழ்ந்து கிடக்கு."

குப்புறப் படுத்தாள். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கின. அவர் வலது கெண்டைக்காலைக் கையால் அழுத்தினார். வலது பாதம் தானாகத் தலையாட்டியது. இடதை அழுத்தினார். அது செத்த கோழியின் காலைப் போலக் கிடந்தது. மறுபடி அழுத்தினார். அசையவில்லை.

"எக்ஸ்ரே எடுத்தோ?"

"எடுத்தாச்சு சார். ஒண்ணுமில்லன்னுட்டாக."

"எக்ஸ்ரேயில் எலும்பு மாத்ரம் காணும்" என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டு, அவள் குதிகாலுக்கு மேலே விரலை வைத்தார். வலது காலில் முறுக்கிய கயிறு போல ஒன்று கெட்டியாக நின்றது. இடது காலில் அதே இடத்தில் விரல் உள்ளே அமுங்கியது. "இங்க ஒரு கயிறு உண்டு. கெண்டைச் சதையைக் குதிகாலோட கட்டி வச்சிருக்கற கயிறு. உனக்கு அது பொட்டிப்போயி. அறுந்துபோச்சு."

மாரீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். காயம் அவ்வளவு பெரிது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. ஆறு மாதமாகப் பொய்க்காரி என்று பேர் வாங்கியவளுக்கு முதலில் வந்தது வேறு கேள்வி.

"அது படத்துல தெரியுமா சார்? ஊருக்குக் காட்டணும்."

"ஸ்கேன் எடுத்தால் தெரியும். தேனிக்குப் போ."

கார்த்திகை மாதத்து சனிக்கிழமை ஒன்றில் ராக்கம்மாளும் மாரீஸ்வரியும் தேனிக்கு பஸ் ஏறினார்கள். மறுநாள் ஊர்க் கூட்டம். ஸ்கேன் சென்டரின் பெஞ்சுகள் முழுவதும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற பலகை சுவரில் தொங்கியது. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எல்லோரும் அதைத்தான் தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் ஸ்கேன் என்றால் அது ஒன்றுதான்.

சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "தண்ணி நெறையக் குடிக்கணும். ஒண்ணுக்குப் போகக் கூடாது" என்றாள்.

"காலுக்குத்தான்மா" என்றாள் ராக்கம்மாள்.

"எதுக்கா இருந்தாலும் குடிங்க."

குடித்தாள். முட்ட முட்டக் குடித்தாள். மூன்றாவது செம்பைக் கவிழ்க்கும்போது எதிர் பெஞ்சில் பஞ்சம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பாண்டீஸ்வரனின் அத்தை. மருமகளைக் கூட்டி வந்திருந்தாள். பஞ்சம்மாளின் பார்வை செம்பில் விழுந்து, மாரீஸ்வரியின் வயிற்றில் போய் நின்றது.

உள்ளே டாக்டர் பழக்கத்தில் ஜெல்லியை எடுத்துக்கொண்டு, "சேலையைத் தளத்திக்கங்க" என்றார். சீட்டைப் படித்ததும் கை நின்றது. "காலா?" கழுத்துக் கட்டி பார்க்கும் சின்னக் கருவியைத் தேடி எடுத்து மாட்டினார். முதலில் நல்ல காலில் வைத்தார். திரையில் வெள்ளையாக, எண்ணெய் வைத்துச் சீவிய முடி மாதிரி, இழை இழையாக நேராக ஓடியது. பிறகு இடது கால். இழைகள் பாதி தூரம் வந்து பிய்ந்த பிரியாக நின்றன. அதற்குக் கீழே கறுப்பு. இன்னும் கீழே குதிகாலை ஒட்டி மறுமுனை சுருண்டு கிடந்தது.

"எப்படிம்மா ஆச்சு?"

"புருஷன் அடிச்சது."

டாக்டர் கறுப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிலுவைக் குறி வைத்து இடைவெளியை அளந்தார். படம் சின்னதாக, வழவழப்பான தாளில் வந்தது. டைப் அடிக்க உட்காரும்போது கரண்ட் போய்விட்டது. ரிப்போர்ட்டைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

"படம் போதும்" என்றாள் மாரீஸ்வரி. படத்தை வைத்துத்தானே தன்னைப் பொய்க்காரியாக்கினார்கள், படத்தை வைத்தே அதை உடைக்கலாம் என்று நம்பினாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மந்தையில் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பஞ்சம்மாள் ராத்திரியே வேலையை முடித்திருந்தாள். மாரீஸ்வரி மாராப்புக்குள்ளிருந்து படத்தை எடுத்து நல்லகண்ணு கையில் கொடுத்தாள்.

"பாருங்க மாமா. அந்தக் கறுப்புதான்."

நல்லகண்ணு தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். பக்கத்திலிருந்த மூன்று பேர் தலையை நீட்டினார்கள்.

"இந்தா, தல" என்றார் ஒருவர், சுருண்டு கிடந்த முனையைத் தொட்டு.

"ஆமா. அந்தாக்குல முதுகு. டாக்டரு குறி போட்ருக்காரு பாருங்க. எம் மருமகளுக்கும் இப்பிடித்தான் தலைக்கும் காலுக்கும் குறி வச்சு அளந்தாக" என்றார் இன்னொருவர்.

"அது காலு!" என்று கத்தினாள் மாரீஸ்வரி. "என் காலுய்யா அது!"

"காலுக்கு எவன்டி ஸ்கேன் எடுப்பான்?" பஞ்சம்மாள் முன்னால் வந்தாள். "கால்லயா பிள்ளை இருக்கு? செம்பு செம்பாத் தண்ணி குடிச்சியே, காலு நெறையவா? நாங் கண்ணால பாத்தேன்."

கூட்டம் சிரித்தது. பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை. படத்தைப் பிடுங்கிப் பார்த்தான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"ஆறு மாசமா எங்கூட இல்ல" என்றான். "யாருதுடி இது?"

யாருடைய ஜீப்பில் ஏறினாள் என்பது ஊருக்கே தெரியும். அவன் பார்வை போன இடத்துக்கு அவன் பங்காளிகளும் போனார்கள். அம்மாவாசி மந்தை ஓரத்தில் தன் ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்ன ஏது என்று கேட்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கல் ஒன்று முன்கண்ணாடியை உடைத்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்து பானெட்டில் முகத்தை மோதினார்கள். பல் உதிர்ந்தது. "ஏலே, அது எம் மகமாதிரிடா" என்று அவர் சொன்னது வாய் நிறைந்த ரத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எல்லோரும் ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். நல்லகண்ணு துண்டைத் தலைக்கு மேலே வீசி, "விடுங்கடா, விடுங்கடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். மாரீஸ்வரியால் ஓட முடியவில்லை. இரண்டு எட்டு வைத்ததும் இடது பாதம் மடங்கி விழுந்தாள்.

பாண்டீஸ்வரன் வயிற்றில்தான் மிதித்தான். இல்லாத பிள்ளையைக் கொல்ல மிதித்தான். ஒன்று, இன்னொன்று. அவள் சுருண்டுகொண்டு முதுகைக் கொடுத்தாள். விலாவில் மிதி விழுந்தது. ராக்கம்மாள் அவன் தோளில் தொங்கிக் காதைக் கடித்தாள். அவளை உதறிவிட்டு அவன் தன் ஜீப்புக்குப் போனான். ஜாக்கிக் கம்பியோடு திரும்பி வந்தான்.

முதல் வீச்சு மண்ணில் விழுந்தது. கம்பியின் முனையை மாரீஸ்வரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடம் ஈரச் சாக்கில் காய் சுமந்த கை அது. அவன் இழுத்தான். அவள் விடவில்லை, அந்த இழுப்பிலேயே எழுந்தாள். எழுந்த வேகத்தில் முறுக்கினாள். கம்பி அவள் கைக்கு வந்துவிட்டது.

எக்கி நிற்கத்தான் குதிகால் வேண்டும். அடிப்பதற்கு வேண்டியதில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் தட்டையாக ஊன்றி நின்று அவன் முகத்தை மறைத்துத் தூக்கிய கையில் அடித்தாள். முன்கை எலும்பு ஒடிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்தது தோளில். அவன் மண்டியிட்டான். அவன் குதிகால்கள் பின்னால் மல்லாந்து தெரிந்தன. கம்பியை ஓங்கினாள்.

ஓங்கியவளை அவள் ஆத்தா பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "போதும் மாரி. போதும்த்தா." மாரீஸ்வரி கம்பியைக் கீழே போட்டாள். அப்புறம் நிறைய வருடங்களுக்கு, போட்டது சரியா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போலீஸ் வந்தது. பாண்டீஸ்வரனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தத் தடவை படத்தில் தெரிந்தது. எலும்புக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, யார் பார்த்தாலும் புரியும்படி. கொடுங்காயம் என்று எழுதினார்கள். மாரீஸ்வரி உள்ளே போனாள். அவள் விலாவில் முறிவு இல்லை, சதையில் ரத்தக்கட்டு மட்டும்தான், ஆகவே அது லேசான காயம்.

திங்கட்கிழமை ராக்கம்மாள் தனியாகத் தேனிக்குப் போய் டைப் அடித்த ரிப்போர்ட்டை வாங்கினாள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் அந்த ரிப்போர்ட்டையும் கசங்கிய படத்தையும் எடுத்துப்போனார். எஸ்டேட் டாக்டர் மலையிறங்கி வந்து கோர்ட்டில் அவள் கெண்டைக்காலை அழுத்திக் காட்டினார். பாண்டீஸ்வரன் தரப்பு அதற்குப் பிறகு இறங்கி வந்தது. ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்குகள் சமாதானத்தில் முடிந்தன. ஊரும் தீர்த்துவிட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பிள்ளைதான், ஜெயிலில் வைத்துக் கலைத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் கூடலூரில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மதுரையில் காலுக்கு ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். மெஷின் டப், டப், டப் என்று அடிக்க ஆரம்பித்தது. மாரீஸ்வரி போட்ட கூச்சலில் நிறுத்தி வெளியே இழுத்தார்கள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தானாகவே ஏறிப் படுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கால் கட்டைவிரலை மடக்கும் கயிற்றைத் திருப்பிவிட்டு, அறுந்த கயிற்றின் இடைவெளியை இணைத்தார்கள்.

நடை வந்தது. மலை வரவில்லை. இப்போது அவள் கம்பத்துக்கு அருகே திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். பந்தலில் குலை எட்டாத இடத்தில் மற்ற பெண்கள் எக்கி வெட்டுவார்கள். மாரீஸ்வரி ஒரு பழப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே போவாள், அதன்மேல் ஏறி வெட்டுவாள். அவளிடம் யாராவது குரலை உயர்த்தினால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். தன்னையே நம்ப முடியாது என்பாள்.

பாண்டீஸ்வரன் ஆண்டிபட்டிப் பக்கம் விஜி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டபோது, "அந்தப் பிள்ள யார் ஜீப்புல ஏறுதோ" என்றதோடு விட்டுவிட்டாள்.

2009 ஆவணியில் ஒரு மத்தியானம், பந்தலுக்குக் கீழே சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தபோது அவள் செல்போனில் ஒரு மெசேஜ் வந்தது. பழக்கமில்லாத நம்பர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அக்கா நான் விஜி. காலையில குதிகால்ல அடிச்சுட்டாக. டப்புன்னு கேட்டுச்சு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்லங்கிறாக. இது பஞ்சம்மா அத்தை போன். அவுகதான் உங்க நம்பர் தந்தாக. காலுக்கு ஸ்கேன் எங்கன எடுத்தீக?"